தம்பிலுவிலாரா, தம்பிலுவில்லாரா?

தமிழிலே சொல்லழுத்தம் இல்லை. ஆதலால் ஊர்ப்பெயரை எங்கே பிரித்து எவ்வாறு உச்சரித்தாலும் பொருள் கெடாது என்றொரு கருத்து எம் மாணவரிடையே வேரூன்றி வருகின்றது. மொழியியலை ஆங்கில நூல்களின் வாயிலாக மட்டும் கற்பதன் விளைவு இது. ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் அழுத்தம் ஓர் அசையிலிருந்து இன்னோர் அசைக்கு நகர்ந்தால் சொல்லே வேறாகிவிடும். தமிழ்ச் செவிக்கு அந்த நுட்பம் வேண்டியதில்லை என்கின்றனர். இக்கருத்தின் முற்பாதி உண்மை. பிற்பாதி முழுப் பொய். அப்பொய்யினால் எனது ஊரும் அதன் அயலூர்களும் நாள்தோறும் பெயரிழந்து வருகின்றன. ஆகையால் இதை மறுத்தெழுத வேண்டியவனானேன்.

எம்மவர் வியந்து போற்றும் ஸ்பானியரின் முறையையே முதலில் நோக்குவோம். தென் ஸ்பெயினிலே கோர்தொபா என்றொரு பழம்பெரும் நகரம் உண்டு. அப்பெயரில் அழுத்தம் முதலசையில் விழும். அந்நகரத்து ஆடவன் கோர்தொபேஸ் எனப்படுவான்; அழுத்தம் ஈற்றசைக்குத் தாவிவிடுகிறது. பெண்ணாயின் கோர்தொபேசா, அழுத்தம் 'பே' என்ற அதே அசையில் நிற்கிறது, ஆயினும் பின்னே ஓரசை கூடியதால் அது இப்போது ஈற்றயலாகிவிட்டது. உயிரிலோ, ன் ஸ் என்ற மெய்களிலோ முடியும் சொற்கள் ஈற்றயலில் அழுத்தம் பெறும். ஏனையவை ஈற்றிற் பெறும். இவ்விதிக்கு மாறி நிற்கும் சொல்லின் அழுத்தமுற்ற உயிர்மேல் ஒரு சாய்கோடு இடப்படும். எனவே நகரின் பெயருக்கும் ஆடவன் பெயருக்கும் கோடு உண்டு. பெண்ணின் பெயருக்கு இல்லை. அங்கே பள்ளிப் பிள்ளை ஊர்ப்பெயரிலிருந்து ஊரார் பெயரை ஆக்கும்போதே அசையை எண்ணப் பழகிவிடுகிறது. விதிக்குள் அடங்காதனவும் அவர்களிடம் உள. உவெல்வா என்ற நகரத்தாரை ஒனுபென்சே என்பர்; உரோமர் காலத்தில் அவ்வூருக்கு ஒனுபா என்று பெயர். ஊர்ப்பெயர் மாறிய பின்னும் ஊரார் பெயர் பழமையைக் கைவிடவில்லை. அதைத் திருத்திச் சீர்ப்படுத்த வேண்டும் என்று அங்கு எவரும் துடித்ததாகத் தெரியவில்லை. ஊர் வழக்கு இதுவென்று அகராதியில் எழுதி வைத்துக்கொண்டனர்.

அழுத்தமில்லாத மொழி அசையில்லாத மொழியன்று. ஸ்பானிய மொழியில் அழுத்தம் செய்யும் தொழிலைத் தமிழிலே குறில் நெடில் வேறுபாடும் ஒற்றின் இரட்டிப்பும் செய்கின்றன. கல் வேறு, கால் வேறு. கல்முனை என்பதைக் கால்முனை என்று நீட்டினால் முனையிற் கிடந்த கல் போய்க் கால் வந்துவிடும். கிழக்குக் கரையில் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. தம்பிலுவில், திருக்கோவில் என்ற இரண்டு ஊர்களின் பெயரே போதும்.

இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள். ஒன்றில் கண்ணகி அம்மன் கோவில், மற்றொன்றில் சித்திரவேலாயுத சுவாமி கோவில். இரண்டு பெயர்களும் 'வில்' என்ற ஒரே ஒலியில் முடிகின்றன. செவிக்கு ஒன்றாயினும் பிரிப்பிலே இவை வேறு வேறு. திருக்கோவிலில் உள்ள வகரம் உடம்படுமெய். கோ, இல் என்ற இரு சொற்களை இணைக்க வந்த பாலம். அதனால்தான் கோயில் என்று யகரம் இட்டு வழங்கினும் சொல் பிழைத்துக்கொள்கிறது. தம்பிலுவிலின் வகரமோ பாலமன்று, கரை. அது 'வில்' என்ற சொல்லின் முதலெழுத்து. ஈழத்திலே மழைநீர் தேங்கி நிற்கும் ஆழமற்ற நீர்நிலையை வில்லு என்பர். வில்பத்துக் காட்டிலுள்ள இயற்கை நீர்நிலைகளுக்கும் அப்பெயரே வழங்குகிறது. கடலுக்கும் வயலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் எமது கரையில் ஒலுவில், பொத்துவில், கோளாவில், தம்பிலுவில் என்று இப்பெயர்கள் வரிசையாக நிற்பது தற்செயலன்று.

உகரத்தின் முன் 'இல்' வந்தாலும் வகரந்தானே உடம்படுமெய்யாகத் தோன்றும், தம்பிலு என்பதோடு 'இல்' சேர்ந்தது என்றால் என்ன என்று ஒருவர் வினவலாம். நல்ல வினா. அதற்கு விடை பொத்துவிலில் இருக்கிறது. பொத்து என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். அதன்முன் உயிர் வந்தால் உகரம் கெட வேண்டும். பொத்து, இல் என்ற இரண்டும் புணர்ந்தால் பொத்தில் என்றே முடியும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலும் அவ்வாறே. 'இல்' சேர்ந்திருப்பின் அது கொக்கில் என்றாகியிருக்கும். உகரம் கெடாமல் நிற்பதாலேயே பின்வந்த சொல் உயிரில் தொடங்கவில்லை என்பது பெறப்படும். இந்தச் சிறு விதியை அறியாதவர்கள்தாம் எம்மூர்ப் பெயரை வேற்றுமை உருபு ஏற்ற சொல்லாக எண்ணிவிடுகின்றனர். தமிழகத்திலிருந்து வந்த ஆய்வு மாணவர் ஒருவர் என்னிடம், "தம்பிலு என்பது எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டார். "தம்பிலுவில் திருவிழா" என்ற செய்தித் தலைப்பை அவர் வாசித்திருந்தார். அவர்மீது எனக்குச் சினமில்லை. எம்முடைய ஏடுகளே செய்யும் பிழையை நோக்க அவருடைய பிழை சிறிது.

அப்பிழை யாதெனில், ஊர்ப்பெயருக்கும் புணர்ச்சி விதியைக் கண்மூடிப் பூட்டுவது. லகர ஈறு வல்லினத்தின் முன் றகரமாகும் என்பது விதி. இக்கட்டுரையிலேயே நான் அவ்விதியைச் சில இடங்களிற் கைக்கொண்டுள்ளேன். ஆனால் அதே விதியின்படி "அமைச்சர் தம்பிலுவிற்குச் சென்றார்" என்று அச்சிட்டால் என்ன ஆகிறது? தம்பிலு என்ற இல்லாத ஊருக்கு நான்காம் வேற்றுமை உருபு சேர்த்தாலும் அதே 'தம்பிலுவிற்கு'தான் வரும். இலக்கணம் தவறவில்லை, ஊர் தவறிவிட்டது. எம்மூர் வயற்காரர் எவரும் அப்படிப் பேசார். "தம்பிலுவிலுக்குப் போறன்" என்பார். லகரத்தைக் காப்பாற்ற ஓர் உகரத்தை இடையில் நிறுத்தும் அந்த நாவுக்கு, தன் ஊர்ப்பெயர் எங்கே முடிகிறது என்பது தெரியும். அச்சுக்கூடத்துப் பேனாவுக்குத் தெரியவில்லை.

இனித் தலைப்பிலுள்ள வினாவுக்கு வருவோம். ஊரார் பெயர் தம்பிலுவிலாரா, தம்பிலுவில்லாரா? தனிக்குறிலை அடுத்து நிற்கும் மெய், உயிர் வருமிடத்து இரட்டிக்கும். கல், அணை என்பன கல்லணை ஆவது இதனால். வில் என்பது தனிச்சொல்லாக உயிரோடிருந்தால் அதன் லகரமும் இரட்டிக்க வேண்டும். வானவில் என்பதோடு ஐ உருபு சேர்ந்தால் வானவில்லை என்று ஆவதை நோக்குக. எனவே வில் என்பது நீர்நிலை என்று அறிந்த புலமையாளர் சிலர் தம்பிலுவில்லார், பொத்துவில்லார் என எழுதுவதே செம்மை என்கின்றனர். ஊரிலோ தம்பிலுவிலார் என்றுதான் வழங்கும். கோவிலார் என்று சொல்கிறோமேயன்றிக் கோவில்லார் என்று சொல்வதில்லை. அங்கே 'இல்' தன் தனித்தன்மையை இழந்து கோவில் என்ற ஒரே சொல்லில் கரைந்துவிட்டது. இங்கே 'வில்' அவ்வாறே கரைந்துவிட்டது. பிறப்பிலே இரண்டாக இருந்த பெயர் வழக்கிலே ஒன்றாகிவிட்டது. அதற்குச் சாட்சி ஊரார் பெயரில் இரட்டிக்காமல் நிற்கும் அந்த ஒற்றை லகரம். தம்பிலுவில்லார் என்று எழுதுபவர் சொல்லின் வரலாற்றை அறிந்தவர், ஊரை அறியாதவர். தம்பிலு என்று பிரிப்பவர் இரண்டையும் அறியாதவர்.

யாப்பு வழி அலகிட்டுப் பார்ப்பினும் இவ்வேறுபாடு விளங்கும். தம்/பிலு/வில் என்பது நேர் நிரை நேர், கூவிளங்காய். தம்/பிலு/விலார் என்றால் ஈற்றசை நிரையாகிக் கூவிளங்கனி. தம்/பிலு/வில்/லார் என்றாலோ நாலசைச்சீராக நீண்டுவிடும். ஓரொற்று மிகுந்தவுடன் பெயரின் நடையே வேறாகிவிட்டது. கோர்தொபேஸ் என்பதன் தலைமேல் இட்ட சாய்கோடு செய்வதும் இதைத்தான். அவர்களுக்குக் கோடு, எமக்கு ஒற்று. ஆயினும் யாப்பின் அசையைச் சொல்லின் பிரிப்பாக மயங்கலாகாது. பொத்துவில் என்பதை அலகிட்டால் பொத்/துவில் என்றே பிரியும். பொருளோ பொத்து, வில் என்ற இடத்திற் பிரிகிறது. ஓசை ஒரு வழி, பொருள் ஒரு வழி. இரண்டையும் ஒருங்கே சுமக்கும் சொல்லை நுட்பமற்றது என்பவரை என் சொல்வது!

உரோமன் எழுத்தினால் விளையும் கேடு இதனினும் பெரிது. ஆங்கிலேயர் ஆட்சியில் பதிவேட்டுக்கு எழுதப்பட்ட எழுத்துக்கூட்டல்களே இன்னும் எம் ஊர்களை ஆள்கின்றன. அவ்வெழுத்திலே குறிலும் நெடிலும் ஒன்று; தகரமும் டகரமும் பல இடங்களில் ஒன்று; பற்று என்பதும் பட்டு என்பதும் ஒன்று. அவ்வெழுத்திலிருந்து மீளத் தமிழுக்கு வருபவர் ஆங்கில அழுத்தத்தைத் துணைக்கு அழைக்கிறார். அழுத்தம் விழும் இடத்தில் தமிழ் நா நெடிலை வைத்துவிடுகிறது. அவ்வளவுதான், ஒலுவில் ஓலுவில் ஆகிறது, பொத்துவில் பொட்டுவில் ஆகிறது, நிலப்பிரிவைக் குறிக்கும் பற்று என்ற பழஞ்சொல்லைத் தாங்கிய அக்கரைப்பற்று அக்கரைப்பட்டு ஆகிறது. 2021 பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை ஒரு பேரணி நடந்தது. அத்தொடர் மக்கள் நாவில் ஒட்டிக்கொண்டதற்கு இரண்டு 'பொ'க்களின் மோனை பெருங்காரணம். அதைப் போட்டுவில் என்றோ போலிகண்டி என்றோ படிக்கும் ஒருவர் அத்தொடரின் ஓசையை மட்டுமன்று, இரண்டாம் ஊரின் மானத்தையும் வாங்கிவிடுவார்.

வெளியாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காரைதீவு என்ற ஊரை எடுத்துக்கொள்க. அவ்வூரார் காரைதீவு என்றே சொல்வர், அவ்வாறே எழுதுவர். ஐகார ஈற்றின் முன் வல்லினம் மிக வேண்டும் என்று காரைத்தீவு என எழுதுவோர் எம்மிடையே உளர். அக்கரைப்பற்றில் பகரம் மிகுகிறதே, இங்கு ஏன் தகரம் மிகக்கூடாது என்பது அவர்கள் வாதம். மிகுவதும் மிகாமையும் அவ்வவ்வூரார் செவி தீர்த்த வழக்கு. சுருதிகளைக் கணித்து 1947இல் யாழ் நூலை வெளியிட்ட சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர் அது. ஒலியின் நுண்ணளவை ஆராய்ந்த ஒருவர் பிறந்த ஊரின் பெயரில், அவ்வூரார் சொல்லாத ஓர் ஒற்றை நுழைப்பதற்கு எமக்கு என்ன உரிமை?

இதுகாறும் எழுத்தைப் பற்றிப் பேசினேன். விகுதியிலும் ஒரு வழக்கு உண்டு, அது இன்னும் கசப்பானது. பழைய இலக்கணத்தில் அன், ஆன் என்பன ஆண்பால் விகுதிகள் மட்டுமே. நிலப்பெயருக்கு உதாரணமாக உரையாசிரியர் காட்டிய அருவாளன், சோழியன் என்ற சொற்களில் இழிவு ஏதுமில்லை. இன்று எம்மிடையே ஊர்ப்பெயரோடு ஆன் சேர்ந்தால், பேசுபவர் அவ்வூரவராக இல்லாதவிடத்து, அது பெரும்பாலும் ஏளனமாகிவிடுகிறது. கல்முனையான் ஒருவன் தன்னைக் கல்முனையான் என்பது பெருமை. அதே சொல்லைப் பிறர் சொல்லும்போது குரலைக் கவனிக்க வேண்டும். விடுதிகளிலே மட்டக்களப்பான் என்றும் யாழ்ப்பாணத்தான் என்றும் ஒருவரையொருவர் சுட்டும்போது அது வெறும் ஆண்பாற் பெயரா? தோட்டக்காட்டான் என்ற சொல்லிலே எத்தனை தலைமுறை இழிவு திரண்டிருக்கிறது என்பதை எம்மோடு கற்கும் மலையக மாணவரைக் கேட்டறிக. ஆர் என்று பலர்பால் விகுதியிட்டுச் சொல்வதற்கு ஒரு மாத்திரையும் கூடுதலாகச் செலவாவதில்லை. ஆன், ஆர் இரண்டும் நெடிலும் ஒற்றுமே.

பெண்களுக்கோ இந்த இரண்டில் ஒன்றும் இல்லை. கோர்தொபேசா என்று ஸ்பானியப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது. கல்முனையாள், நிந்தவூராள், தம்பிலுவிலாள் என்று ஆக்க இலக்கணம் இடந்தருகிறது; ஆயினும் அச்சொற்கள் எவர் நாவிலும் இல்லை. கல்முனைக்காரி என்ற சொல் இருக்கிறது, அதிலும் மரியாதை இல்லை. ஊர் என்பது ஆண்களின் உடைமை, பெண் திருமணத்தால் ஊர் மாறுபவள் என்ற எண்ணமே இதற்கு வேர் என்று சொல்வர். எமது கரையிலோ மணமானபின் ஆண் பெண்வீட்டுக்குப் போய் வாழ்வதே பெருவழக்கு. வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகச் சேரும். ஊரில் நிலைத்திருப்பவள் பெண். ஊராற் பெயர் பெறுபவன் ஆண்! இந்த முரணை எம்மூர்ப் பாட்டிமாரிடம் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள்.

இன்னொரு சாரார் உளர். வில் என்ற ஈற்றுக்குச் சிங்களத்து 'வில' என்பதோடு உறவு காட்டினால் ஊர் பறிபோய்விடும் என்று அஞ்சி, அப்பிரிப்பைப் பேசவே கூடாது என்பர். நீர்நிலையைக் குறிக்க அயல்மொழிகள் இரண்டும் ஒத்த சொல்லை வழங்குவதில் அஞ்சத்தக்கது யாது? சொற்கள் எல்லைக் கற்களல்ல. ஊர்ப்பெயரை வைத்துக் காணி கேட்பவர் சிங்களவராயினும் தமிழராயினும் அவர் செய்வது மொழியாராய்ச்சியன்று. அவருக்கு அஞ்சிப் பெயரின் பிரிப்பை நாம் மறைப்பின், தம்பியையும் வில்லையும் கோத்துப் புராணம் புனைவோருக்கே இடம் விட்டவராவோம். தம்பி என்று பிரித்தால் எஞ்சுவது 'லுவில்'. லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது என்பது கூடவா நினைவில்லை?

ஊரார் பெயருக்கு நான் இத்தனை முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் உண்டு. 1961இல் அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை எமது ஊர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இன்றும் வடக்கே எம்மை மட்டக்களப்பார் என்பர். அம்பாறையார் என்று எம் கரையிலே தம்மைத் தாமே சொல்லிக்கொள்பவரை நான் கண்டதில்லை. கச்சேரி தந்த பெயர் நாவில் ஒட்டவில்லை. நாவில் ஒட்டியவை நிந்தவூரார், சம்மாந்துறையார், மருதமுனையார், இறக்காமத்தார், தம்பிலுவிலார் என்பனவே. இவற்றுட் சில முற்றிலும் முஸ்லிம்களைக் குறிப்பன போலவும் சில முற்றிலும் இந்துக்களைக் குறிப்பன போலவும் தோன்றலாம். ஆனால் கல்முனையார் என்றால்? அக்கரைப்பற்றார் என்றால்? பள்ளிவாசலுக்குப் போபவரும் கோவிலுக்குப் போபவரும் தேவாலயத்துக்குப் போபவரும் அச்சொல்லில் அடங்குவர். கல்முனையில் பிரதேச செயலகத்தைப் பிரிப்பது பற்றிய பிணக்கு பல்லாண்டு நீடித்தது. 2019 ஜூனில் அதற்காக உண்ணாவிரதமும் இருந்தனர். செயலகத்தை எவ்வாறு பிரித்தாலும் கல்முனையார் என்ற சொல்லைப் பிரிக்க முடியவில்லை. கல்முனைத் தமிழர், கல்முனை முஸ்லிம்கள் என்று முன்னும் பின்னும் ஒட்டு வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. தொல்காப்பியர் உயர்திணைப் பெயர்களை எண்ணும்போது குடிப்பெயருக்கு முன்னே நிலப்பெயரை வைத்தார். எக்காரணம் கருதி வைத்தாரோ, அந்த வைப்பு முறை எனக்கு உவப்பானது.

ஆகவே இக்கட்டுரையை ஒரு கோரிக்கையோடு நிறுத்துகிறேன். எமது சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் ஆண்டுதோறும் உரோமன் எழுத்துப் பதிவேட்டைப் பார்த்தே தமிழில் எழுதப்படுகிறது. தமிழ்ச் சங்கம் தன் உறுப்பினரின் ஊர்களை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும் இவ்விந்தையை இவ்வாண்டோடு விட்டுவிடுவோம். புதிய மாணவர் வரும் முதல் வாரத்தில் ஒரு கொப்பியை மேசையில் வைத்து, ஒவ்வொருவரும் தம் ஊரையும் தம் ஊராரை எவ்வாறு அழைப்பர் என்பதையும் தம் கையால் எழுதட்டும். மாணவியரும் எழுதட்டும், அவர்களுடைய ஊர்களில் அவர்களுக்கு ஒரு சொல் உண்டா என்பதும் தெரியவரும். எழுதியதை எவரும் திருத்தலாகாது, தமிழ்ச் சிறப்புக் கலை மாணவர் உட்பட.